ஐம்பத்தெட்டாவது ஜோடி

கல்லூரியின் இரண்டாவது மாடியில் புள்ளியியல் நடத்திய அந்த அம்மாவுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஸ்பீக்கர் மேடம். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு அவர் 'சராசரி' என்று ஆரம்பித்தால், மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பவர்களும் நின்று குறிப்பெடுத்துக்கொள்ளலாம். அதே பாடத்தைப் பக்கத்து அறையில் பி பிரிவுக்கு நடத்திய இளம் ஆசிரியர், தன் மாணவர்களின் நோட்டில் பாதி மேடத்தின் வார்த்தைகள்தான் இருக்கின்றன என்று ஒரு நாள் சொன்னார். அது புகாரா பாராட்டா என்று மேடம் விசாரிக்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, மறுநாளும் அதே சுதியில் நடத்தினார்.

இருபத்திரண்டு வருடம் ஓய்வில்லாமல் உழைத்த அந்தத் தொண்டை ஒரு திங்கட்கிழமை பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. குரல் நாணில் தடிப்பு என்றார் மருத்துவர். சின்ன அறுவைச் சிகிச்சை போதும், ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுக்கலாமா என்று மேடம் சைகையில் கேட்டார். அது இன்னும் கெடுதல் என்று சொன்ன மருத்துவர், பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மீறிப் பேசினீங்கன்னா, அப்புறம் நீங்க ஆசைப்பட்டாலும் குரல் வராது."

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் கணவர் கவலைப்பட்டார். அவர் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர், கவலையைக்கூடக் கேலியாகத்தான் வெளியே விடுவார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் தான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துத் தானே முடித்தது இந்த வாரம்தான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொன்னார். மேடம் தலையணையை எடுத்து எறிந்தார். பதில் பேச முடியாதவருக்கு வேறு என்ன வழி.

கல்லூரியில் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. துறைத் தலைவர் கெட்டவர் இல்லை, முதல்வர் கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வது என்றே வாழ்நாளைக் கழித்தவர். மேடத்தின் விடுப்பு முழுவதும் மாமியாரின் மருத்துவமனை நாட்களில் தீர்ந்திருந்தது. அதனால் மேடத்தின் ஏ பிரிவையும் பி பிரிவு ஆசிரியரிடம் கொடுத்து, பெரிய கூடத்தில் ஒன்றாக உட்காரவைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. மேடம் வேண்டாம் என்று தலையாட்டினார். கையை விட்டுப் போன பாடத் தாள் சுலபத்தில் திரும்பாது என்று அவருக்குத் தெரியும். மீதி இருக்கும் வருடங்களைச் செய்முறை நோட்டுகளில் கையெழுத்துப் போட்டே தள்ள வேண்டியிருக்கும். அந்தத் தாளை அவர் பதினொரு வருடமாக நடத்துகிறார். எண்ணைப் பார்த்துப் பயந்து வருகிற பிள்ளைகள் பருவ முடிவில் பயமில்லாமல் போவதைப் பார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு, சந்தோஷம் எல்லாமே.

மூன்று வாரம் கொடுங்கள் என்று காகிதத்தில் எழுதி நீட்டினார். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "மூணாவது வாரம் முதல் தேர்வு. ரெண்டு பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். உங்க பிரிவு பி பிரிவுக்குக் கீழே போச்சுன்னா தாளை அவருக்குக் கொடுத்துடுவேன் மேடம். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள்தான் வழி சொன்னாள். இலவசமாகக் கிடைக்கிறதை வைத்தே வகுப்பு நடத்தலாம் என்றாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இணையக் கோப்பு ஒன்று, மூன்று கேள்வி கேட்டு விடையைத் தானே திருத்திக் கொடுக்கும் படிவம் ஒன்று, வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. மேடம் தட்டச்சு செய்வது அப்படியே சுவரில் விழும், பிள்ளைகள் தங்கள் ஃபோனிலும் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இணைப்பு விக்கி விக்கி வந்தது. கடைசியில், மாணவர்கள் பார்க்க மட்டும்தான் அனுமதி, அதைத் தேர்ந்தெடு என்றாள். பாதி வார்த்தை வந்தது, பாதி காற்றில் போனது. இன்னொரு தடவை சொல் என்று கேட்க மேடத்துக்கு வாய் இல்லை. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினார். "பண்ணிட்டியாம்மா?" என்று மகள் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டார்.

திங்கட்கிழமை மருத்துவர் கொடுத்த சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். வகுப்புக்குள் போய் மடிக்கணினியைத் திறந்து, 'இன்று சராசரி' என்று தட்டினார். சுவரில் எழுத்து ஒவ்வொன்றாக முளைத்தது. நாற்பத்திரண்டு பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரமும் மின்விசிறிச் சத்தம்தான். பாடம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் மேடம் வீட்டுக்கு வந்தார்.

மாலையில் தேநீரோடு உட்கார்ந்து கோப்பைத் திறந்தவருக்குப் பகீர் என்றது. உள்ளே மிருகக்காட்சிசாலையே திறந்துகிடந்தது. தங்கள் மின்னஞ்சல் கணக்கில் நுழையாமல் வருகிறவர்களுக்கு அந்தக் கருவி தானாக ஒரு மிருகத்தின் பெயரைக் கொடுத்துவிடும். பெயரில்லாத நரி, பெயரில்லாத ஒட்டகம், பெயரில்லாத ஆமை என்று வரிசையாக உலாவிக்கொண்டிருந்தார்கள். உலாவியது மட்டுமா, எழுதவும் செய்தார்கள். தலைப்பில் இருந்த பாடத்தின் பெயரைக் காணோம், அந்த இடத்தில் 'ஸ்பீக்கர் மியூட்டில் இருக்கிறது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பார்க்க மட்டும் கொடுக்க வேண்டிய கதவை, திருத்தவும் செய்யலாம் என்று விரியத் திறந்துவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

கோபம் தலைக்கேறியது. பூட்டிவிடத்தான் போனார். அதற்குள் கண் கீழே இறங்கியது. தான் எழுதிய நான்காவது வரிக்கு அடியில் ஒரு நரி கேட்டிருந்தது: 'இந்தப் படி எங்கேயிருந்து வந்தது?' ஒட்டகம் ஒரு பதில் சொல்லியிருந்தது, தப்பான பதில். ஆமை வந்து, அப்படி இல்லை என்று மூன்று வரியில் பொறுமையாக விளக்கியிருந்தது. இன்னும் கீழே வேறொரு குரல்: 'போன வருஷம் படித்ததிலிருந்தே எனக்கு இது புரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.'

மேடம் தேநீரை ஆறவிட்டுவிட்டார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் புரிந்ததா என்று கேட்டிருக்கிறார், புரிந்தது என்று கோரஸாகப் பதில் வந்திருக்கிறது. அந்தக் கோரஸை நம்பித்தான் இத்தனை வருடம் அடுத்த பாடத்துக்குப் போனார். தன் சத்தத்தில் யாருடைய சந்தேகமும் மேலே வர முடியாமல் போயிருக்கிறது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. கூடவே, இப்போதாவது தெரிந்ததே என்று நன்றியாகவும் இருந்தது. தலைப்பை மட்டும் சரிசெய்துவிட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டார்.

அதற்குப் பிறகு வகுப்பு வேறு மாதிரி நடந்தது. பகலில் மேடம் சுவரில் எழுதுவார், மாலையில் மிருகங்கள் அதைக் குடைந்து குடைந்து கேட்கும். முதல் படிவத்தில் பத்தொன்பது பேர் தப்பாக விடை போட்டார்கள். யார் என்று பார்க்கவில்லை, எந்தக் கேள்வியில் என்று பார்த்து அதை மறுபடி நடத்தினார். ஃபோன் இல்லாதவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களுக்காகக் கோப்பை நகல் எடுத்து வகுப்புக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார், அவர்கள் பென்சிலால் ஓரத்தில் கேள்வி எழுதினார்கள். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் பத்து நாளாக வராமல் இருந்த ஒரு பெண், வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அன்றைய மூன்று கேள்விக்கும் விடை அனுப்பினாள். வராதவளுக்கு வருகைப் பதிவு போட விதி இல்லை, ஆனால் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேரைவிட அவள்தான் வகுப்பில் இருந்தாள்.

சறுக்கல்களும் இல்லாமல் இல்லை. கணவருக்கு அனுப்ப வேண்டிய 'சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள், கழற்றி மாட்டுங்கள்' என்ற செய்தியை வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார். வகுப்பில் இருந்த அத்தனை பையன்களும் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் நிஜமாகவே திருப்பிப் போட்டிருந்தான்.

இன்னொரு நாள் பாடத்தின் நடுவில் இணைப்பு அறுந்து சுவர் வெறுமையானது. பழக்கதோஷம், கரும்பலகைப் பக்கம் திரும்பிய மேடம் வாயைத் திறந்துவிட்டார். சத்தம் வருவதற்குள் மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. "மேடம், பேசாதீங்க."

இருபத்திரண்டு வருடமாக அவர் மாணவர்களைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் அது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரிக்கவும் தொண்டை இடம் கொடுக்காது என்பதால் மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு சாக்பீஸால் மீதிப் பாடத்தை எழுதினார். பிள்ளைகள் தன் குரலைக் காவல் காக்கிறார்கள் என்ற நினைப்பு அன்றைக்கு முழுவதும் அவருக்குத் தெம்பாக இருந்தது.

தேர்வுக்கு முந்தைய மாலை அது நடந்தது. மேடம் பதினொரு வருடமாக நடத்தும் செருப்புக் கடைக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கடையில் ஒரு நாளில் விற்ற செருப்புகள் எத்தனை ஜோடி, எந்தெந்த அளவு என்று ஓர் அட்டவணை, அதிலிருந்து சராசரி அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாம் அளவில் நாலு, ஆறில் ஒன்பது, ஏழில் பதினாறு, எட்டில் பதினைந்து, ஒன்பதில் ஒன்பது, பத்தில் நாலு. மொத்தம் ஐம்பத்தெட்டு என்று அடியில் போட்டிருக்கும். அதற்கு அடியில் ஒரு மிருகம் எழுதியிருந்தது: 'மேடம், கூட்டினால் ஐம்பத்தேழுதான் வருகிறது. நான் ஏதாவது தப்பு செய்கிறேனா?'

மேடம் கூட்டினார். மேலிருந்து கீழே கூட்டினார், கீழிருந்து மேலே கூட்டினார். ஐம்பத்தேழு. விற்காத ஒரு ஜோடி செருப்பு பதினொரு வருடமாகக் கணக்கில் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த ஆசாமி, ஆறு எண்ணை ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

உண்மையில் அந்த அட்டவணை அவருடையதும் இல்லை. அதற்கு முன் பதினைந்து வருடம் அந்தத் தாளை நடத்தியவர் துறைத் தலைவர். தாளைக் கைமாற்றியபோது தன் கையால் எழுதிய குறிப்புக் கோப்பையும் அட்டை போட்டுக் கொடுத்தார். கல்லூரிகளில் இப்படித்தான் நடக்கும், நாற்காலி மாறும்போது குறிப்பும் மாறும், தப்பும் கூடவே மாறும். கோப்பைப் படித்துக்கொண்டே போகலாம், யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியை அழித்துவிட்டு எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். 'இது எனக்கு வந்த குறிப்பு' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. துறைத் தலைவர் கேட்டாரென்று முதல் நாளே அவருக்கும் கோப்பின் கதவைத் திறந்துவிட்டிருந்தார், எட்டிப் பார்த்தால் எல்லாமே தெரியும். மேடம் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டினார்: 'நீங்கள் சொல்வதுதான் சரி. தப்பு என்னுடையது. பதினொரு வருடமாகக் கூட்டிப் பார்க்காமல் நடத்தியிருக்கிறேன். ஐம்பத்தேழால் வகுங்கள். மிகவும் நன்றி.' உடனே ஏழெட்டு மிருகங்கள் வந்து கைதட்டும் படம் போட்டன. ஐம்பத்தேழைக் கண்டுபிடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் தேர்வு. தன் பாடத்துக்குத் தானே மேற்பார்வை போகக் கூடாது என்பது விதி, அதனால் மேடம் வேறு கட்டடத்தில் இருந்தார். கேள்வித்தாளைத் துறைத் தலைவரே தயாரித்திருந்தார். அதில் பத்து மதிப்பெண் கேள்வியாகப் போன வாரமே அச்சாகி உட்கார்ந்திருந்தது அதே செருப்புக் கடை, அதே ஐம்பத்தெட்டு. பி பிரிவு முழுவதும் 7.36 என்று விடை போட்டது. ஏ பிரிவில் முப்பத்தாறு பேர் 7.49 என்று போட்டார்கள். தாள்களைப் பிரிவு மாற்றித் திருத்துவது வழக்கம். தலைவர் கொடுத்த விடைக்குறிப்பை வைத்துப் பி பிரிவு ஆசிரியர் திருத்தினார், முப்பத்தாறு பேருக்கும் அந்தக் கேள்விக்குச் சைபர். பி பிரிவைவிட ஏ பிரிவில் எட்டுப் பேர் அதிகமாகத் தோற்றிருந்தார்கள்.

தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் விடைத்தாள் கட்டு இருந்தது. "ஒருத்தர் ரெண்டு பேர் தப்பு பண்ணலாம் மேடம், முப்பத்தாறு பேரும் ஒரே தப்பைப் பண்ணுவாங்களா? ஃபோனைப் பார்த்து எழுதியிருக்காங்க. நான் அப்பவே பயந்தேன்." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. நாளையிலிருந்து இரண்டு பிரிவும் பெரிய கூடத்துக்குப் போகட்டும் என்றார்.

வாழ்க்கையில் இவ்வளவு கத்த வேண்டும் போல மேடத்துக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஒரே வாக்கியம் போதும், 'இது நீங்க கொடுத்த கோப்பு சார்'. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்துக் கேள்வித்தாளின் ஓரத்தில், 'ஒரு தடவை கூட்டிப் பாருங்கள் சார்' என்று எழுதித் தள்ளினார்.

தலைவர் அலுத்துக்கொண்டுதான் கூட்டினார். நின்றார். மறுபடி முதலிலிருந்து கூட்டினார், இந்தத் தடவை ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டு. முகத்தில் ஈயாடவில்லை. இது எப்போது தெரியும் என்று கேட்டார். மேடம் ஃபோனில் கோப்பைத் திறந்து தேர்வுக்கு முந்தைய மாலையைக் காட்டினார். மிருகத்தின் கேள்வியையும் அதன் கீழே மேடம் எழுதிய பதிலையும் அவர் படித்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தவர், "நீங்க வகுப்புக்குப் போங்க" என்றார்.

எந்த வகுப்புக்கு, கடைசி வகுப்புக்கா என்று கேட்க முடியாமல் மேடம் மாடியேறினார். மதிப்பெண் விஷயம் அதற்குள் கசிந்து பிள்ளைகள் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து, 'இன்று விலகல்' என்று தலைப்புப் போட்டார். இரண்டு வரி எழுதியிருப்பார். சுவரில், செருப்புக் கடைக் கணக்குக்குப் பக்கத்தில் யாரோ எழுத வந்திருப்பதைக் காட்டும் ஒரு கோடு புதிதாகத் துடிக்க ஆரம்பித்தது. அதன் தலையில் மிருகத்தின் பெயர் இல்லை. 'துறைத் தலைவர்' என்றே இருந்தது.

ஒற்றை விரலால் தட்டுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. ஓர் எழுத்து வரும், நிற்கும், அழியும், மறுபடி வரும். நாற்பத்திரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாக்கியம் மெல்ல மெல்லச் சேர்ந்தது: 'இந்த அட்டவணையை எழுதியது நான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கூட்டலில் செய்த தப்பு. உங்கள் மேடம் தன் மேல் போட்டுக்கொண்டார். ஐம்பத்தேழு என்று எழுதிய எல்லாருக்கும் முழு மதிப்பெண். ஐம்பத்தெட்டு என்று எழுதியவர்களுக்கும் உண்டு, அவர்கள் என்னை நம்பினார்கள்.'

கோடு அடுத்த வரிக்கு இறங்கியது. 'பருவம் முடியும் வரை இந்தத் தாள் மேடத்துடையது. அடுத்த வருடமும்.'

மேடத்துக்குக் கண் மறைத்தது. நன்றி சார் என்று தட்டப் போனார், விரல் எந்த எழுத்திலோ போய் விழுந்து சுவரில் ஏதோ உளறல் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு, மகளுக்கு, சீட்டு எழுதின மருத்துவருக்கு, கீழே தன் அறையில் ஒற்றை விரலோடு மல்லாடும் அந்த மனிதருக்கு, பெயர் தெரியாத அந்த மிருகத்துக்கு, யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல் திணறினார். தப்பான கதவை அழுத்திய தன் விரலுக்குக்கூட அன்றைக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

அதற்குள் சுவரில் கோடு மறுபடி நகர்ந்தது. விலகல் பாடத்துக்குக் கீழே போய் நின்று, ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக வந்தது: 'ஒரு சந்தேகம். வித்தியாசங்களை ஏன் வர்க்கம் எடுக்கிறோம்? கழித்தல் குறியை விட்டுவிட்டு அப்படியே கூட்டினால் போதாதா? நான் மாணவனாக இருந்தபோதே கேட்க நினைத்தேன். பயமாக இருந்தது.'

அடுத்த கணம் நரியும் ஒட்டகமும் ஆமையும் இன்னும் நாலைந்து பேரும் ஒரே நேரத்தில் அவருக்குப் பதில் எழுத ஆரம்பித்தார்கள்.